தரக்குறி நான்கு

கடல்மட்டத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டர் மேலே
மத்திகெரெயில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்துகொண்டு
வங்காள விரிகுடாவைப் பார்த்துக்கொள்கிறேன்.
அட்வான்ஸ் கொடுத்த அன்று
ஓனர் கிரிஜாம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன்.
மாசச் சம்பளம்தானே, என்று மட்டும் கேட்டார்.

மணிக்கொரு வரி வரும்.
நடுக்கடலில் இரண்டு கிலோமீட்டர் கயிற்றில்
கட்டிப்போட்ட மஞ்சள் மிதவை அனுப்புவது:
காற்று. ஈரம். நீரின் சூடு. உப்பு.
ஹாஸ்டலில் விட்ட பிள்ளை போல,
சாப்பிட்டேன், தூங்கினேன்,
அதற்குமேல் ஒரு வார்த்தை இராது.

ஆகஸ்டில் கங்கையும் பிரம்மபுத்திராவும் வந்து
உப்பின்மேல் படுத்துக்கொள்ளும்.
பாலாடை மாதிரி ஒரு நன்னீர்த் தோல்,
பத்து மீட்டர்கூடத் தேறாது.
எவ்வளவு காற்றடித்தாலும்
அடியில் இருக்கும் குளிர் அதைத் தாண்டி ஏறாது.
மேலே சூடு சேரும், மேகம் கட்டும்.
அது எங்கே போய்ப் பெய்யும் என்பதுதான்
எட்டு வருஷமாக என் வேலை.

சமன்பாடு ஒன்றும் ரகசியமில்லை.
மொட்டைமாடிக் கொடியில் காயும் சுடிதாருக்கும் அதுவேதான்:
காற்றின் வேகம் பெருக்கல்
துணிக்கும் காற்றுக்கும் உள்ள ஈர வித்தியாசம்,
முன்னால் ஒரு குணகம்.
அந்தக் குணகத்துக்காக
மாநாடுகளில் பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது.
நாலு மணிக்கு ஜாலஹள்ளிப் பக்கம் இருட்டினால்
"மேடம், மளெ!" என்று கிரிஜாம்மா கத்துவார்.
என் மாடல் அதுவரை வாய் திறந்திருக்காது.

செப்டம்பர் ஒன்பது, இரவு இரண்டு மணி.
தீர்க்கரேகையின் கடைசி இலக்கம் மாறியது.
பிறகு அதற்கு முந்தையது.
அறுந்த மிதவை நீரோட்டத்தோடு
வடகிழக்கே போகும் என்று
என் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் சொல்கிறது.
இது மேற்கே போனது,
கோடு போட்ட மாதிரி, ஆறு நாட் வேகத்தில்.
நீரோட்டத்துக்கு டீசல் கிடையாது.

நான்காம் நாள் காலை
உப்பாடாவுக்குச் சற்று வடக்கே புள்ளி கரையேறி நின்றது.
உப்பு: பூஜ்யம்.
கடல்மேற்பரப்பு வெப்பநிலை, பகல் ஒரு மணிக்கு: நாற்பத்தொன்று.
உண்மையிலேயே கடல் அப்படிச் சுட்டால்
அதைப் பதிவுசெய்ய யாரும் இருக்கப்போவதில்லை.

நூக்கராஜு என்பவர் போன் செய்தார்.
மிதவையின் வயிற்றில் எங்கள் நம்பர் எழுதியிருக்கிறது.
அவர் தெலுங்கை அனகா எனக்குச் சொன்னாள்:
அதனடியில் எப்போதும் மீன் நிற்கும்,
படகைக் கட்டினோம், கயிறு போய்விட்டது,
அநாதையாக விட்டுவர மனசு வரவில்லை.
முற்றத்தில் இருக்கிறது.
கோழி ஏறாமல் பார்த்துக்கொள்கிறோம்.
லாரி எப்போது வரும்?

ஃபைல் நகர்கிறது, என்று சொல்லச் சொன்னேன்.

அதுவரை மணிக்கொரு வரி.
விதிப்படி ஒவ்வொன்றுக்கும் நான்கு போட்டேன்:
தவறான தரவு.
பத்தரைக்கு ஏதோ நிழல் விழுந்து ஒரு டிகிரி இறங்கும். நான்கு.
மதியம் கடற்காற்று எழும். நான்கு.
நடுராத்திரி காற்று திரும்பிக் கடலுக்குப் போகும். நான்கு.
ஒரு வீட்டு முற்றத்தின் காய்ச்சல் அட்டையை
முழுசாகத் தவறு என்று எழுதி வைத்தேன்.

அக்டோபர் மூன்று, மாலை ஆறு மணி வரியில்
உப்பு: இருபத்தாறு.
ஏழு மணிக்கு மறுபடி பூஜ்யம்.

யாரோ ஒரு வாளி கடல்நீரை
உணரியின் வாயில் ஊற்றியிருக்கிறார்கள்.
குழந்தையாக இருக்கலாம்.
தாகம் என்று நினைத்திருக்கலாம்.
ஆனால் இருபத்தாறு.
ஆகஸ்டில் நான் பார்த்த அந்த நதிநீர்
கரையை ஒட்டி இறங்கி வந்து
அக்டோபரில் உப்பாடாவைத் தொடும்போது
அவ்வளவுதான் இருக்கும்.
ஒரு பருவம் முழுக்க நான் தேடிய எண்
வாளியில் வந்திருக்கிறது.

அந்த ஒரு வரியில் நான்கை அழித்து
ஒன்று என்று மாற்றினேன்.
மகாபாத்ரா சார் பார்த்தால் விளக்கம் கேட்பார்.
முறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசிக்கும்போது
மாடியிலிருந்து கிரிஜாம்மா கத்தினார்.
சேமிக்காமலே ஓடினேன்.