மூச்சைப் பிடியுங்கள்

ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வாக்கியம்:
இழுங்கள். பிடியுங்கள். அசையாதீர்கள்.
உருதுவில், புரிக் மொழியில், லடாக்கியில்,
ராணுவத்தார் வந்தால் இந்தியில்.
மூன்றாவது விநாடியிலேயே எல்லோருக்கும் முட்டும்.
விடலாம் என்று சொல்வதற்குள் விட்டிருப்பார்கள்.

பிப்ரவரி. கார்கில். நோன்பின் ஒன்பதாம் நாள்.
வாக்கா பள்ளத்தாக்கின் மேல்மடத்திலிருந்து
பால் வண்டியில் வந்திறங்கிய பிக்குணி.
சீட்டில் பெயர் குன்சேஸ். வயது ஐம்பத்தொன்று.
இருமல், இலையுதிர்காலம் முதல்.

கழுத்திலிருந்த வெள்ளித் தாயத்தை வாங்கி
மேசை டிராயரில் வைத்தேன்,
உலோகம் நிழல் கட்டும்.
தட்டோடு மார்பை ஒட்டி நின்றாள்.
மோவாயைத் தூக்குங்கள் என்றேன்.
தாழ்த்தித்தான் பழக்கம் என்றாள்.

இழுங்கள். பிடியுங்கள்.
பொத்தானை நான் அழுத்தவும்
மின்சாரம் போகவும் சரியாக இருந்தது.

ஜெனரேட்டரில் டீசல் நெய்யாக உறைந்திருந்தது.
ஹசனைன் வெந்நீர்த் துணி சுற்றினான்,
நான் கயிற்றை இழுத்தேன்,
மின்வாரியத்தையும் என் தலையெழுத்தையும்
நோன்பு கெடாத அளவுக்கு வைதேன்.
அது செருமி, செருமி, ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது.

வெளிச்சம் திரும்பிய அறையில்
அவள் இன்னும் நின்றிருந்தாள்.
தோள் ஏறவில்லை. விலா இறங்கவில்லை.
தொப்புளுக்குக் கீழே நாலு விரல் தள்ளி
வயிறு மட்டும்
தளும்பாத குடமாக.

விடுங்கள்! விடுங்களம்மா!
சொல்லத்தானே காத்திருந்தேன் என்றன கண்கள்.
விட்டாள்.
முதலில் வந்தது காற்று, சன்னமாக, வெதுவெதுப்பாக.
பிறகு நான்கு மாதத்து இருமல்
மொத்தமாக.

ஸ்டூலில் உட்கார்த்தி வெந்நீர் கொடுத்தேன்.
எத்தனை நாளாக இந்த வித்தை?
இருபத்தாறு வருஷம் என்றாள். இன்னும் வரவில்லை.
கீழ்வாசலை இறுக்கி மேலே இழுக்க வேண்டும்.
மேல்காற்றை விழுங்கிக் கீழே அமுக்க வேண்டும்.
இரண்டும் சந்திக்கிற இடத்தில்
யார் பக்கமும் சேராமல் இருக்க வேண்டும்.
பூட்டுவது சுலபம், தம்பி.
பூட்டிய வீட்டுக்குள் சும்மா இருப்பதுதான்.

இரண்டாம் முறை நன்றாக விழுந்தது படம்.
விளக்குப் பெட்டியில் மாட்டினேன்.
தன் எலும்புகளை
அயல்வீட்டுக் கொடித் துணிபோலப் பார்த்தாள்.

எங்கே, என்றாள்.
எது?
நெஞ்சில் எட்டு ஆரக்கால். தொண்டையில் பதினாறு.
நடுவே வாற்கோதுமைத் தாள் பருமனில்
நீலமாக ஒரு குழல்.
சிவப்பும் வெள்ளையுமாய் இரண்டு நாடிகள்
அதைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்குமே,
உங்கள் மெஷினுக்குத் தெரிகிறதா?

பன்னிரண்டு ஜோடி விலா எண்ணிப் பிழைப்பவன் நான்.
இடப்பக்கம் சாய்ந்த இதயத்தின் நிழலைக் காட்டினேன்.
காறை எலும்பைக் காட்டினேன்.
அதன் கீழே, இடது உச்சியில்,
ஆப்ரிகாட் கொட்டை அளவில் ஒரு வெண்மேகம்,
நடுவில் பொந்து.
அங்கே என் விரல் போகவில்லை.

படம் எடுப்பவன் வாய் திறக்கக் கூடாது.
அது டாக்டரின் வேலை, நாளைக் காலையில்.
வறண்ட தொண்டையில் எதையோ விழுங்கினேன்.

அவள் படத்தை விட்டுவிட்டு
என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நீங்களும் அங்கே பூட்டியிருக்கிறீர்கள் என்றாள்.
நோன்பு, என்றேன்.
பொய்யில்லை. பாதி.
அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை,
தாயத்தைக் கட்டிக்கொண்டு
பனியில் இறங்கினாள், தங்கை வீடு பஜாருக்குப் பின்னால்.

மாலை பாங்கு ஒலித்தது.
ஹசனைன் பேரீச்சம்பழம் நீட்டினான்.
முதல் மிடறு தண்ணீருக்கு
மோவாய் தானாகத் தாழ்ந்தது,
நெஞ்சுக்குழி தொடுகிற அளவுக்கு.
தண்ணீர் இறங்கிவிட்டது.
சொல்லாத ஒன்று
அதே இடத்தில்.

விளக்குப் பெட்டியை அணைக்க மறந்திருந்தேன்.