சேலம், மாலை ஐந்தேகால்

லேடீஸ் சீட்டில் அன்று
கீழே சேலத்தைக் காணோம்.
மூட்டம், மூட்டம், வெறும் மூட்டம்.

நாற்பத்தேழு எடுத்தேன் நான்.
பஸ் பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவைத் தொடுமுன்
அத்தனையும் அழித்தாயிற்று.

பிலோமின் எடுத்தது ஒன்றே ஒன்று.
"ரோல் என்ன விலை விக்குது தெரியுமா?"
லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு
மிளகாய் பஜ்ஜிக்குப் போய்விட்டாள்.

ஐந்து வாரம் கழித்துக் காட்டினாள்:
கழுவிய பிரிண்டில்
ஒரே வெள்ளை.
பின்பக்கம் பென்சிலில்
இடமும் நேரமும்.
சிரித்தேன்,
இதற்கா காசு கொடுத்தாய் என்று.

பிறகு கண்ணில் பட்டது
ஓரத்தில் கைப்பிடிக் கம்பி.
அதன்மேல் நான்கு விரல்கள்,
என் பவள மோதிரம்.

நாற்பத்தேழில் ஒன்றிலும்
நான் இருந்திருக்க மாட்டேன்.

இப்போதும் எனக்கு டிஜிட்டல்தான்.
சண்டைக்கு வந்தாலும் அதையே சொல்வேன்.
படத்தை மட்டும்
இன்னும் அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.