புருவப் பென்சில்

முறையீட்டுப் பிரிவு அதிகாரிக்கு,
அபராதச் சீட்டில் என் பெயரை லொரேனா என்று எழுதியிருக்கிறார்கள்.
லொரெடானா. லொரெடானா பிஸியாக்.
அதை மட்டுமாவது திருத்திக்கொள்ளுங்கள்.

கோர்மோன்ஸ் நிலையம், காலை ஆறு இருபத்தொன்று.
முதல் நடைமேடை முத்திரை இயந்திரத்தின் வாயில்
யாரோ சூயிங்கம் அடைத்திருந்தார்கள்.
சுரங்கப்படி இறங்கி ஏறி அடுத்ததற்கு ஓடினேன்.
அது சீட்டை வாங்கிக்கொண்டு
கொஞ்சம் யோசித்துவிட்டு
வெள்ளையாகவே திருப்பித் தந்தது.

இயந்திரம் பழுதானால் பயணியே
தேதியும் நேரமும் எழுதிக்கொள்ளலாம் என்கிறது உங்கள் பலகை.
எதனால் என்று சொல்லவில்லை.
இரண்டு முறை படித்தேன்.

பையில் பேனா இல்லை.
ஆறு பிரஷ், பஞ்சு, மெழுகு,
மூன்று நிறத்தில் முகமாவு, ஒரு புருவப் பென்சில்.
நான் உடினேயில் செத்தவர்களுக்கு முகம் எழுதுகிறேன்.
அன்று ஒன்பதரைக்கு அடக்கம்: திரு. பெர்த்தோசி,
ஓய்வுபெற்ற பல் மருத்துவர், விழுந்ததில்
இடது புருவம் பாதி போயிருந்தது.
அவருக்கென்று சீவி வைத்த முனையால்தான்
உங்கள் சீட்டில் எழுதினேன்:
மார்ச் பதினான்கு, ஆறு இருபத்தொன்று.

பரிசோதகர் சின்ன வயது. மரியாதையாகத்தான் கேட்டார்.
சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார்,
பிறகு கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு.
ஆறு மணி பழுப்புப் புகையாயிற்று.
“அழிகிறதே, சின்யோரா. அழித்துவிட்டு
நாளைக்கும் இதிலேயே போகலாம்.”
ஐம்பது யூரோ. சீட்டின் விலை நாலு நாற்பது.
எதிர் இருக்கைப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினேழு வருஷமாய் இதே பென்சில்.
நான் எழுதிய புருவத்தை
எவரும் தேய்த்துப் பார்த்ததில்லை.
மனைவிமார் நெற்றியில் முத்தமிடுவார்கள், அதுவும்
ஒரு விரல் தள்ளி.

ஏமாற்ற நினைத்தவள்
நடைமேடை நடைமேடையாய் ஓடுவாளா என்றெல்லாம்
வாதாடப் போவதில்லை.
படிவத்தில் ‘ஆதாரம்’ என்றொரு கட்டம்.
சீட்டையே இணைத்திருக்கிறேன்.
நேரம் இருந்த இடத்தைச் சாய்த்துப் பாருங்கள்,
சுழி சுழியாய் ஒரு ரேகை.
வெறுந்தாளில் விரல் அப்படிப் பதியாது.
அங்கே முன்பே ஏதோ இருந்தது என்பதற்கு
உங்கள் ஊழியரே கைநாட்டு வைத்திருக்கிறார்.

பின்குறிப்பு.
உடினே நிலையத்தில் கையெழுத்துக்காக
நாற்பது நிமிஷம் நிற்கவைத்தார்கள்.
முனை மழுங்கியிருந்தது, சீவ நேரமில்லை.
திரு. பெர்த்தோசியின் இடது புருவம்
கொஞ்சம் உயர்ந்தும் தடித்தும் போயிற்று.
அவர் மகள் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
“அப்பா யாரையோ
நம்பாத மாதிரி படுத்திருக்கிறார்.”