பேருக்கு மழை

வந்திறங்கிய அன்று மழை.
மினிபஸ் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்,
அவிழ்ப்பதற்குள் நனைந்துவிட்டேன்.
அதனால் இந்த லெசோத்தோ மலையில்
என் பெயர் புலெங். மழையில் வந்தவள்.
வைத்தது வீட்டுக்காரி மா-செபோலெலோ.
பாஸ்போர்ட்டில் இருப்பதை
இரண்டு தடவை சொல்லிப் பார்த்து
"நாக்கை எங்கே வைப்பது?" என்று தள்ளிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் மழை இல்லை.

காலை ஐந்தரைக்கு வாளி.
ஊற்றில் எனக்கு முன்னால் பதினோரு பெண்கள்,
யாருக்கும் அவசரம் இல்லை.
தூங்கினாயா என்பார்கள்.
தூங்கினேன், நீங்கள் தூங்கினீர்களா என்று
பதினோரு தடவை திருப்பிக் கேட்க வேண்டும்.
முதல் வாரம் ஒருத்தியை விட்டுவிட்டேன்.
மூன்று நாள் அவள்
என் வாளிக்குக் கைகொடுக்கவில்லை.

என்னை அனுப்பியது தோட்டம் போட.
வட்டமாய்க் கல் அடுக்கி இடுப்பு உயரம்,
ஒரு பக்கம் சாவித்துவாரம் போல வழி,
நடுவில் ஒரு கூடை.
அதில் சாம்பல், மாட்டெலும்பு, துருப்பிடித்த டப்பா,
பாத்திரம் கழுவிய தண்ணீர்.
குனிய முடியாதவர்களும் நின்றபடி களை பறிக்கலாம்
என்று பயிற்சியில் சொன்னார்கள்.
கல் அடுக்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.
ஆடு மேய்க்கும் ட்செகோ
என் முதல் சுவரைக் காலால் தட்டிப் பார்த்தான்.
விழுந்தது.
பிறகு போர்வையைக் கழற்றாமலே
அவனே திரும்ப அடுக்கினான்,
ஒவ்வொரு கல்லையும் ஒரு தடவை திருப்பி,
அதற்கு முகம் எது முதுகு எது என்று பார்த்து.

மாலையில் ராமொக்வாட்சி வருவார்.
எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கச் சுரங்கத்தில்
இருபத்திரண்டு வருஷம்.
வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவில்
இரண்டு இடத்தில் நின்று மூச்சைத் தேடுவார்.
நஷ்டஈட்டுப் படிவம் பதினான்கு பக்கம்.
எந்த வருடம் இருமல் தொடங்கியது?
"பழுப்புக் குதிரை செத்த வருஷம்."
குதிரை எப்போது செத்தது என்று
மூன்று வீட்டில் விசாரித்து
கட்டத்துக்குள் நான்கு இலக்கம் எழுதினேன்.
இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது:
ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கையெழுத்து குறைகிறதாம்.
அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது.
நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் காலாண்டு அறிக்கையில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.
தோட்டங்கள் எத்தனை, பயனாளிகள் எத்தனை,
அதில் பெண்கள் எத்தனை.
படிவம் நிரப்பியது,
ஊர்க் கைபேசிகளை என் சூரியத் தகட்டில் வரிசை கட்டியது,
சாவு வீட்டில் விடியும்வரை பீட்ரூட் சீவியது
எல்லாம்
'இதர' என்ற மூன்று எழுத்துக்குள் போயிற்று.

நவம்பரில் ஊர்க்கூட்டம்.
தலைவி பேசி முடித்ததும் வழக்கப்படி
எல்லோரும் "புலா!" என்று கத்தினார்கள்.
மழை என்று அர்த்தம். வாழ்க என்றும்.
கத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.
யாரோ ஒருத்தி களுக்கென்றாள்,
அவ்வளவுதான், குன்று முழுக்கச் சிரிப்பு.
பேருக்கு மழை என்று
எனக்குள் தமிழில் ஒரு சிலேடை உதித்தது.
யாரிடம் சொல்ல?
நானும் சேர்ந்து சிரித்தேன்,
வேறு காரணத்துக்கு.

டிசம்பர் நாலாம் தேதி வந்தது.
மழையாக இல்லை, ஆலங்கட்டியாக.
தகரக் கூரைக்குக் கீழே
மா-செபோலெலோ வாயசைப்பது மட்டும் தெரிந்தது,
ஜெபமா வசவா தெரியவில்லை.
நின்றதும் வெளியே போனோம்.
பதினேழு தோட்டத்திலும் முட்டைக்கோஸ் கந்தல்.
ட்செகோவின் சுவரில் ஒரு கல் அசையவில்லை.
அவள் குனிந்து ஒரு பனிக்கட்டியை எடுத்து
வாயில் போட்டுக்கொண்டாள்.
எனக்கும் ஒன்று நீட்டினாள்.
"அடுத்த தடவை மெதுவாக வா."

பிறகு இருட்டும்வரை
கிழிந்த இலைகளைப் பொறுக்கினோம்.
இரவுக் களிக்கு அதுதான் கீரை.
நறுக்குகிற வேலை இல்லை.