இடக்கைக்கு ஒரு மே மாதம்

"அவ ரைட்டுலதான் போவா, மூடு!"
ஜனவரியில் கத்தினாள்
பெரம்பூர் ஸ்கூலின் எட்டாம் நம்பர்.
மூடினார்கள்.
நாற்பத்திரண்டுக்குப் பதினேழு.

பத்தாவது பரீட்சை முடிந்த மறுநாள்
கொருக்குப்பேட்டை கார்ப்பரேஷன் கிரவுண்டில்
எட்டுப் பேர் நின்றோம்.
பி.டி. மிஸ் பிரசவ லீவில்.
வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரே ஒரு வரி:
லெஃப்ட் லே-அப், தினம் நூறு.

ஐந்தரையிலிருந்து ஏழரை வரை கோர்ட் எங்களுக்கு.
அப்புறம் கிரிக்கெட் பையன்களுக்கு.
ஒன்பதுக்கு மேல் வெயிலுக்கு;
அதனிடம் மட்டும்
யாரும் சண்டைக்குப் போவதில்லை.

பந்து தேய்ந்து தக்காளி மாதிரி வழவழ.
வளையத்தில் வலை கிடையாது.
உள்ளே விழுந்ததா, வெளியே உரசிக்கொண்டு போனதா
என்று ஒவ்வொரு நாளும் ஒரு வழக்கு.
லத்திகாதான் ஜட்ஜ்,
பந்து அவளுடையது என்பதால்.

என் இடக்கைக்கு ஒன்றுமே தெரியவில்லை.
பதினைந்து வருஷத்தில்
நான் அதற்குக் கொடுத்தது ஒரே ஒரு வேலை,
அதையும் நாலு பேர் முன்னால் சொல்ல முடியாது.
முதல் நாள் நூற்றுக்கு நாலு.

அதனால் வீட்டிலும் ஆரம்பித்தேன்.
பல் தேய்க்க இடது. தாழ்ப்பாள் நீக்க இடது.
அடி பம்புக்கு இடது.
வாசலில் கோலம் போட்டேன்,
"நண்டு எதுனா நடந்து போச்சா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா.
சோற்றுக்கு மட்டும் வலது.
அதில் அம்மாவிடம் பேச்சே கிடையாது.

சரக்கு ரயில் வந்தால்
பந்தைப் பார்க்காமல் தட்ட வேண்டும்,
பெட்டியை எண்ண வேண்டும்.
இது அஃப்ரின் கண்டுபிடித்தது.
ஐம்பத்தெட்டுப் பெட்டி, ஐம்பத்தெட்டுத் தட்டு.
முப்பதில் பந்து ஓடிவிட்டால்
ரயில் எங்களுக்காக நிற்பதில்லை,
மீதிப் பெட்டிகள் எண்ணப்படாமலே
எண்ணூருக்குப் போயின.

மே இரண்டாம் வாரம்
பெனிட்டா எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடைக்குப் போனாள்,
விரித்த புடவையைத் திரும்ப மடிக்க.
தனுஸ்ரீ நெல்லூரில் அத்தை வீட்டுக்கு.
ஜெர்லினுக்கு அம்மை போட்டு வேப்பிலைப் படுக்கை.
மீதி ஐந்து.
ஐந்து பேர் என்றால் ஒரு டீம்தான்,
எதிரே நிற்கத்தான் ஆளில்லை.
காலி வாட்டர் கேன்களை நிறுத்தினோம்.
ஒன்றின் மேல் சாக்பீஸால் எட்டு என்று எழுதி
அஃப்ரின் அதன் காதில் என்னவோ திட்டினாள்.

சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் அம்மாவின் பஜ்ஜி வண்டி.
ஒரு ஆள் ஐம்பது ரூபாய் கொடுத்தார்.
மீதி முப்பதை நீட்டினேன்.
"இன்னாமே, பீச்சாங்கைல குடுக்குற?
மரியாத தெரியாது?"
நோட்டு அப்படியே காற்றில் நின்றது.
எண்ணெய்ச் சத்தம்.
நான் கையை மாற்றப் போனேன்.
அம்மா தலை நிமிரவில்லை,
வாழைக்காயைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்:
"எண்ணிப் பாருண்ணே,
கரெக்டா கீதா?"
எண்ணினார்.
இருந்தது.

ராத்திரி அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.
ரசம் ஊற்றினாள்.
வலது கையால் சாப்பிட்டேன்.

முப்பத்தோராம் தேதி வரைக்கும்
என் கணக்கு நூற்றுக்கு அறுபத்து மூன்று.
அன்று காலை பெனிட்டா வந்தாள்,
நாளெல்லாம் நின்று நின்று
கணுக்கால் வீங்கிய காலோடு,
கடை யூனிஃபார்மோடு.
எட்டாம் நம்பர் கேனைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு
அந்த இடத்தில் அவள் நின்றாள்.
என் வலது பக்கம் முழுவதையும் மூடிக்கொண்டு
"வா" என்றாள்.

ரெண்டு எட்டு. இடக்கை மேலே போனது.
பலகையில் பட்டது,
வளையத்தில் ஒரு டங்.
வலை இல்லாத இடத்தில் பந்து
எந்த வழியாக வந்தது என்று எனக்குத் தெரியும்.
லத்திகா இடுப்பில் கைவைத்து
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

பெனிட்டா பந்தை எடுத்து
என் நெஞ்சுக்கு வீசினாள்.
"ஒம்போது மணிக்குக் கட தொறக்கணும்.
சீக்கிரம், இன்னொண்ணு வா."