கழித்தது போக

வலது மணிக்கட்டில் கட்டிவிட்ட கறுப்புப் பட்டை
ஒரு வாரத்தில் நாலாயிரத்துச் சொச்சம் அசைவு
என்று காட்டியது.
இவருக்குச் சிரிப்பு வந்தது, பாதி வாயில்.

"தினம் பஸ்ஸில்தானே வாறீங்க?" என்றாள் ஷெர்லின்.
குலசேகரத்திலிருந்து தக்கலை வரை
ரோட்டுக் குழியெல்லாம் கணக்கில் ஏறியிருக்கிறது.
இடதுகை அதைத் தூக்கி மடியில் வைத்ததும்,
நான் சட்டை மாட்டிவிட்டதும்.
ஒவ்வொன்றாகக் கழித்தாள்.

மிச்சம் பதினேழு.

பதினாறு, இங்கே மேசையில் துணி தள்ளியது.
ஒன்று மட்டும்
செவ்வாய், விடியக்காலம் மூன்றே கால்.
"வில்பிரட் அண்ணன், அப்போ என்ன செய்தீங்க?"
இவருக்கு ஓர்மையில்லை.

ரப்பர் வெட்டப் புறப்படும் நேரம் அது.
உறக்கத்தில் தலைவிளக்கைத் துழாவி
என் வாயில் இடித்தார்.

உதட்டின் உள்காயத்தை நாக்கால் தொட்டபடி
சும்மா இருந்தேன்.
சொன்னால்
அதையும் கழித்துவிடுவாளோ.