கடன் வாங்கிக் கழித்தல்

பள்ளிக்கூடத்துக்கு அவன் பெயரை வைத்துவிட்டார்கள்.
சிவப்புப் பலகையில், பித்தளையில் ஆர்மீனிய எழுத்துகள்:
தாதூல் மெலிக்சேத்யான் நடுநிலைப் பள்ளி.
மூன்றாம் வகுப்புக் கழித்தலில் நான் போட்ட மதிப்பெண்
இன்னும் அலமாரியில் இருக்கிறது,
ஊதா மையில், ஐந்துக்கு இரண்டு.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.
'யாராவது அந்தப் பதிவேட்டைக் கேட்டுவிட்டால்...
பேனா உங்கள் கையில்தானே இருக்கிறது, அர்புனிக்.'

சியூனிக் மலையில் அன்றைக்கே முதல் பனி.
கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் தலைநகரிலிருந்து வந்து
'இருபது வயதில் இன்னுயிர் ஈந்தான்' என்றார்.
பத்தொன்பது, நான்கு மாதம்.
நான் எழுந்து திருத்தவில்லை.
அவன் அம்மா திருத்தினாள், ஒலிபெருக்கி இல்லாமல்.

கூட்டம் கலைந்த பிறகு
கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தான்
வண்டி ஓட்டியவன்.
'அந்த உவாஸ் வேனின் பின்கதவு
வெளியிலிருந்துதான் சாத்த வரும் டீச்சர்.
ஒருத்தன் இறங்கிச் சாத்திவிட்டு
ஓடிவந்து முன்னால் ஏறணும்.
யார் இறங்குவது என்று தினமும் சண்டை.
அன்றைக்கு அவன் முறைகூட இல்லை.
சாத்தினான். தகரத்தில் இரண்டு தட்டு.
கிளம்பு என்று அர்த்தம்.
கிளம்பிவிட்டேன்.
கண்ணாடியில் பார்த்தேன். அவன் ஓடிவரவில்லை,
சரிவைப் பார்த்துத் திரும்பி நின்றான்.'

பின்னால் ஆறு பேர் இருந்தார்களாம்.
ஒருவனுக்குப் போன மாதம் பெண் குழந்தை.
போனில் படம் காட்டினான். நெற்றியெல்லாம் முடி.

இரவு பதிவேட்டை எடுத்தேன்.
நாற்பத்திரண்டில் பதினேழு போனால் முப்பத்தைந்து
என்று எழுதியிருந்தான்.
ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான், தலைகீழாக.
பக்கத்து வீட்டில் கடன் வாங்கடா என்றால்
'அவங்களுக்குக் குறைஞ்சிடுமே' என்பான்.
வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்தேன்.

இரண்டை இரண்டாகவே விட்டுவிட்டேன்.
அது அவன் போட்ட தப்பு, அவனுடையது.
பித்தளையில் இருப்பது யாருடையதோ.

இன்று காலை மறுபடியும் அதே பாடம்.
சாக்பீஸால் நாற்பத்திரண்டு எழுதி,
அதன் கீழே பதினேழு எழுதி,
நான்கை அடித்து மூன்றாக்கினேன்.
முன்பல் விழுந்த நாரினே கை தூக்கினாள்:
'கடன் வாங்கினோமே டீச்சர்,
எப்போ திருப்பிக் கொடுப்போம்?'

கரும்பலகையைப் பார்த்தபடியே நிற்கிறேன்.
மணி அடிக்க
இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது.